காய்ச்சலும் பாய்ச்சலுமாக ஒரு வாரம்: எடைப் பயிற்சிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நாற்பத்து நான்காம் வயதில் எடை தூக்கத் தொடங்கினேன். திங்கள் முதல் சனி வரை ஆறு நாளும் போனேன், ஒரு நாளும் விடவில்லை. வலித்தால்தான் உடம்பு வேலை செய்கிறது என்று பொருள் என்பார் பயிற்சிக்கூடத்து மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை மாம்பலம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் எப்படியோ ஏறிவிட்டேன், இறங்கத்தான் முடியவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பி, தென்னை மரத்திலிருந்து இறங்குபவரைப் போல ஒவ்வொரு படியாக இறங்கினேன். பின்னால் வந்த ஒரு பாட்டி, "பார்த்துப் போப்பா" என்று சொல்லிவிட்டு என்னை முந்திக்கொண்டு போனார்.

அன்றிரவு அப்பாவிடம் தொலைபேசியில் புலம்பினேன். தஞ்சை மாவட்டத்தில் வாழ்நாள் முழுவதும் நெல் விளைவித்தவர் அவர். பயிற்சிக்கூடத்தின் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாள் தவறாமல் தண்ணீர் கட்டினால் வேர் என்னடா ஆகும்? காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கொடு" என்றார்.

டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வயலில் கட்டிய நீர் மறைந்து, மண்ணில் மயிரிழை போல வெடிப்பு தெரியும் வரை காயவிட்டு, அதன் பிறகே மறுபடி நீர் பாய்ச்சுவார்கள். காயும் நாட்களில் வேருக்குக் காற்று கிடைக்கிறது, ஈரத்தைத் தேடி அது கீழே இறங்குகிறது. நமக்கு எடை தூக்கும் நாள் பாய்ச்சல். மெதுநடை, ஓய்வு, தூக்கம் எல்லாம் காய்ச்சல். புதிதாக வருபவர்கள் எத்தனை கிலோ, எத்தனை செட் (இடையில் நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று), எந்தப் புரதப் பொடி என்று பாய்ச்சலைப் பற்றியே கேட்கிறார்கள். அதனால் நான் மற்றொரு பாதியைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், மருந்து எடுத்துக்கொள்ளும் சர்க்கரை நோய், அண்மையில் அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி, நடப்பதைத் தவிர வேறு பயிற்சி செய்யாத, முப்பதைத் தாண்டிய அலுவலக ஆசாமிகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பெண்களுக்கும் இதே திட்டம்தான். எடை தூக்கினால் உடம்பு ஆண்களைப் போலப் பருத்துவிடும் என்ற பயம் வீண். அவ்வளவு தசை சேர்வதற்கான ஹார்மோன் பெண்களுக்கு மிகக் குறைவு.

முதல் படி: காலண்டரில் ஓய்வை முதலில் குறியுங்கள்

மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் போதும். பால் கணக்கு எழுதும் அதே கட்டங்களில், முதலில் எடை தூக்கக் கூடாத நாட்களைக் குறியுங்கள். மீதியிருக்கும் கட்டங்கள்தான் எடைக்கு.

முதல் ஆறு வாரங்களுக்கு திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும் எடை. செவ்வாய், புதன், வெள்ளி, சனி நாற்பது நிமிட நடை. ஞாயிறு எதுவும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டே நாளா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை, பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாள் எல்லா முக்கியத் தசைகளுக்கும் வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. மேலே சொன்ன வாரத்தில் 160 நிமிட நடையும் இரண்டு எடை நாட்களும் இருக்கின்றன. உடம்பு பழகிய பிறகு திங்கள், புதன், வெள்ளி என மூன்று நாளாக்கலாம். அப்போதும் இரண்டு எடை நாட்களுக்கு நடுவே ஒரு நாள் இடைவெளி இருக்கும்.

அந்த ஒரு நாள் எதற்கு? எடை தூக்கிய தசை அதற்குப் பிந்தைய 24 முதல் 48 மணி நேரம் வழக்கத்தைவிட வேகமாகப் புதிய புரதத்தைக் கட்டுகிறது. அந்த வேலை நடக்கும்போதே மறுபடி போய் இடித்தால், பூச்சு காயாத சுவரில் சாய்ந்த கதைதான். தசையாவது சில வாரங்களில் தேறிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் அதைவிட மெதுவாகத்தான் வலுப்படுகின்றன. "எனக்குத் தெம்பு இருக்கிறதே, ஏன் கூட்டக் கூடாது?" என்று மூன்றாம் வாரத்தில் தோன்றுவதும், ஐந்தாம் வாரத்தில் முழங்கையோ முழங்காலோ முனகத் தொடங்குவதும் இதனால்தான்.

வலியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழக்கமில்லாத பயிற்சிக்குப் பிறகு வரும் தசைவலி உடனே வராது. மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலி என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அந்த அமிலக் கணக்கு பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. நாளை மறுநாள் வரும் வலிக்குக் காரணம், பளு தாங்கியபடியே தசை நீளும்போது அதன் இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியும். பஸ்கி போடும்போது எழுவதைவிட உட்காரும் பகுதிதான் இந்த வேலையைச் செய்கிறது. மாம்பலத்தில் என்னால் ஏற முடிந்து இறங்க முடியாமல் போனதும் அதே காரணத்தால்தான். படி இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே உடம்பைத் தாங்குகிறது.

ஆகவே வலியை மதிப்பெண் பட்டியலாக வாசிக்காதீர்கள். வலி இல்லாத வாரத்திலும் வலிமை கூடும்.

ஒரே ஒரு எச்சரிக்கையை மட்டும் கொட்டை எழுத்தில் வாசிக்க வேண்டும். முதல் நாளே நண்பர்களோடு பந்தயம் கட்டி இருநூறு பஸ்கி போடுபவர்கள் உண்டு. அதன் பிறகு ஓரிரு நாளில் தசை கடுமையாக வீங்கி, சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனால், வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. சிதைந்த தசையிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருட்கள் சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடும். மருத்துவர்கள் இதை ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாம் படி: எடை நாளில் ஐந்தே அசைவுகள்

மார்புக்கு ஒரு நாள், கைக்கு ஒரு நாள், தோளுக்கு ஒரு நாள் என்று பிரித்துச் செய்வது போட்டிக்குப் போகிறவர்களின் வழி. வாரம் இரண்டு நாள் வருபவர் ஒவ்வொரு முறையும் முழு உடம்புக்கும் வேலை கொடுக்க வேண்டும். உட்கார்ந்து எழுதல், தள்ளுதல், இழுத்தல், குனிந்து தூக்குதல், சுமந்து நடத்தல் என்ற ஐந்தில் அது அடங்கிவிடும்.

பஸ்கியை நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்து தொடங்குங்கள். தண்டாலைச் சுவரில் கை வைத்துத் தொடங்கி, பிறகு மேசை விளிம்பு, பிறகு தரை என்று இறக்குங்கள். இழுப்பதற்குக் கதவில் மாட்டிய ரப்பர் பட்டையோ ஒரு டம்பெல்லோ போதும். குனிந்து தூக்குவதற்கும் சுமந்து நடப்பதற்கும் பயிற்சிக்கூடமே வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால், பிடியுள்ள ஐந்து லிட்டர் கேன்கள் இரண்டு இருந்தால் எடைக்கல் வீட்டிலேயே இருக்கிறது. மூன்று லிட்டர் ஊற்றித் தொடங்கி, அரை லிட்டர் அரை லிட்டராகக் கூட்டலாம். கடையில் வாங்கும் டம்பெல்லில் இவ்வளவு சிறிய ஏற்றம் பெரும்பாலும் கிடைக்காது.

ஒவ்வொன்றிலும் இரண்டு செட், செட்டுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை. இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய முடியும் என்ற நிலையிலேயே நிறுத்துங்கள். புதியவர்களுக்கு இதுதான் மிகக் கடினம், கை நடுங்கும் வரை போனால்தான் திருப்தி. செட்டுகளுக்கு இடையே ஒன்றரை இரண்டு நிமிடம் உட்காரலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். மூச்சை அடக்கித் தம் கட்டினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் கை கால்களை அசைத்து நடப்பதையும் சேர்த்து, எல்லாம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும்.

இரண்டு செட்டிலும் பன்னிரண்டு முறை, அடுத்தடுத்த இரண்டு நாட்களில், முகம் கோணாமல் வந்தால் எடையைக் கொஞ்சம் ஏற்றலாம். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் இந்த முறையை மருத்துவ உலகில் நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் கால்களை எடை கொண்டு மீட்டவர். 1945இல் அவர் சொன்னது பத்துப் பத்து முறையாக ஏழு முதல் பத்து செட். 1948இல் அவரே அதை மூன்று செட்டாகக் குறைத்துவிட்டார். நோயாளிகளை நேரில் பார்த்தவர் குறைத்த கணக்கை, யூடியூபில் பார்த்த நாம் கூட்ட வேண்டியதில்லை.

மூன்றாம் படி: லேசான நாளை லேசாகவே வைத்திருங்கள்

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். எடை நாளில் சோம்பல், லேசான நாளில் ஆவேசம், கடைசியில் ஏழு நாளும் ஒரே மாதிரி நடுத்தரக் களைப்பு. வயல் ஒருபோதும் காய்வதில்லை, ஒருபோதும் நிறைவதும் இல்லை.

எது லேசு? பேசிப் பார்ப்பதுதான் எளிய சோதனை. நடந்தபடியே தொலைபேசியில் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச முடியும் ஆனால் பாட முடியாது என்றால் அது மிதமான வேகம், வாரக் கணக்கில் சேரும். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் அது லேசான நாள் இல்லை, வேகத்தைக் குறையுங்கள். எடை நாளுக்கு மறுநாள் தொடை இறுகியிருந்தால் முதல் பத்து நிமிடம் இன்னும் மெதுவாக நடங்கள். தசையில் ரத்தம் ஓடத் தொடங்கியதும் இறுக்கம் தளர்வதை நீங்களே உணர்வீர்கள்.

நடையால் சேர்ந்த தசை கரைந்துவிடும் என்று பயிற்சிக்கூடங்களில் ஒரு பேச்சு உண்டு. அதற்கு மூலம் 1980இல் ராபர்ட் ஹிக்சன் வெளியிட்ட ஆய்வு. எடை மட்டும் தூக்கியவர்களையும், எடையோடு கடுமையான ஓட்டமும் சைக்கிளும் செய்தவர்களையும் பத்து வாரம் ஒப்பிட்டார். இரண்டையும் செய்தவர்களின் வலிமை ஏழாம் வாரம் வரை ஏறி, பிறகு நின்று, கடைசி இரண்டு வாரங்களில் இறங்கியது. உண்மைதான். ஆனால் அவர்கள் வாரத்துக்கு ஐந்து நாள் எடையும் ஆறு நாள் மூச்சு முட்டும் பயிற்சியும் செய்தவர்கள். நாற்பது நிமிடம் பேசிக்கொண்டே நடப்பவருக்கு அந்தக் கவலை வேண்டாம். ஹிக்சனின் பத்து வாரத்தை நான் அப்பாவின் கண்ணால்தான் வாசிக்கிறேன், வடியவே விடாத வயல் அது.

லேசானது போல வேடமிட்டு வரும் சில விஷயங்கள் உண்டு. ஞாயிறு காலை அலுவலக நண்பர்களோடு ஷட்டில் ஆடுவது லேசான பயிற்சி அல்ல. குதித்து, திடீரென்று நின்று, பக்கவாட்டில் பாய்வது கணுக்காலுக்கும் தொடைக்கும் எடை நாளுக்குச் சமம். ஆட ஆசையிருந்தால் வியாழன் எடையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஷட்டிலை வையுங்கள். கடற்கரை மணலில் நடப்பதும் அப்படித்தான். காலுக்கு அடியில் மணல் சரிவதால், அதே தூரத்துக்குக் கெட்டித் தரையில் செலவாகும் ஆற்றலைப் போல இரு மடங்குக்கு மேல் செலவாகும். மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ நடப்பவர்கள் மறுநாள் நடை நாளாகவே இருந்தால் மணலில் இறங்கலாம். எடைக்கு முந்தைய நாள் நடைபாதையோடு நின்றுகொள்ளுங்கள். கோவைக்காரர்களுக்கு ரேஸ்கோர்ஸ் நடைபாதை இருப்பதால் இந்தக் குழப்பமே இல்லை.

யோகாசனம், மெதுவான நீச்சல், சமதரையில் சைக்கிள் எதுவும் நடைக்குப் பதிலாகலாம். நூற்றெட்டு சூரிய நமஸ்காரம் மட்டும் ஆகாது, அது தண்டாலின் தம்பி.

நான்காம் படி: தூக்கமும் தட்டும்

பெரியவர்களுக்கு இரவில் ஏழு மணி நேரத் தூக்கம் குறைந்தபட்சத் தேவை. ஐந்து மணிக்குப் பயிற்சிக்கூடம் போவதற்காகப் பன்னிரண்டுக்குப் படுத்து நாலரைக்கு எழும் நண்பர் எனக்கு உண்டு. அவர் அதைக் கட்டுப்பாடு என்கிறார். நான் கடன் என்கிறேன். படுக்க நேரமாகிவிட்ட இரவுக்கு அடுத்த நாள் எடையை மாலைக்குத் தள்ளுங்கள், அல்லது ஒரு நாள் தள்ளுங்கள். ஒன்றும் குடி முழுகிவிடாது.

சாப்பாட்டில் நமக்குக் குறைவது பெரும்பாலும் புரதம். இந்தியர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் என்று ஐ.சி.எம்.ஆர் எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை சொல்கிறது. எடை தூக்குபவர்களுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை பயன்தரும். 65 கிலோ உள்ளவருக்கு இது 78 முதல் 104 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் பாலில் ஆறு ஏழு கிராம், நூறு கிராம் வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டலில் எட்டு ஒன்பது கிராம், நூறு கிராம் மத்தி மீனில் ஏறக்குறைய இருபது கிராம். இட்லி ஒன்றுக்கு இரண்டு கிராம் அளவில்தான் தேறும். கணக்குப் போட்டால் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். என் வீட்டில் செய்த ஒரே மாற்றம், மாலை நாலு மணி பஜ்ஜியின் இடத்துக்குச் சுண்டல் வந்ததுதான். டப்பாவில் வரும் புரதப் பொடி தீங்கில்லை, ஆனால் முதல் வேலை அதுவல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

சித்திரை வெயிலில் மின்விசிறி மட்டும் சுழலும் கூடத்தில் பயிற்சி செய்வது தனிக் கதை. உடம்பு வெக்கைக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை ஒரு செட்டைக் குறைத்து, விடியற்காலைக்கு மாற்றி, முடிந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள்.

பனிக்கட்டித் தொட்டியில் உட்காரும் பழக்கம் இப்போது படங்களில் நிறையத் தெரிகிறது. எடைப் பயிற்சி முடிந்த கையோடு அடிக்கடி அப்படிச் செய்தால் தசை வளர்ச்சி குறைகிறது என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. காசும் மிச்சம். ஞாயிறன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறேன். அன்றிரவு நன்றாகத் தூக்கம் வருகிறது, எனக்கு அது போதும்.

ஐந்தாம் படி: உடம்பு சொல்வதை எழுதி வையுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். எடை, செட், எண்ணிக்கை இவற்றோடு இன்னும் மூன்று எழுதுங்கள். நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினேன், எங்கே வலிக்கிறது, காலையில் நாடித் துடிப்பு எவ்வளவு. நாடியைக் கண் விழித்ததும் படுக்கையிலேயே ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். இரண்டு வாரத்தில் உங்கள் வழக்கமான எண் தெரிந்துவிடும். அதைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால், தூக்கம் கெட்டிருக்கும், அல்லது காய்ச்சல் வரப்போகிறது, அல்லது பயிற்சி கூடிப்போயிருக்கிறது. எதுவானாலும் அன்று எடை வேண்டாம், நடை போதும்.

தசைவலிக்கும் காயத்துக்கும் வேறுபாடு தெரிய வேண்டும். தசைவலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாக, சதையின் நடுவில், மந்தமாக இருக்கும். நடக்க நடக்கக் குறையும். மூட்டிலோ ஒரு பக்கம் மட்டுமோ ஊசி குத்துவது போல வந்தால், செய்யச் செய்யக் கூடினால், இரவில் எழுப்பினால், அது காயம். அந்த அசைவை நிறுத்துங்கள், ஒரு வாரத்தில் தணியாவிட்டால் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். மார்பில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் இவற்றுக்கு ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள்.

ஆறாம் படி: வாரத்தையே காயவிடுவது

ஐந்தாறு வாரத்துக்கு ஒரு முறை முழு வாரத்தையும் லேசாக்குங்கள். எடை அதேதான், செட் மட்டும் பாதி. இதற்காகத் தனியாக நாள் பார்க்க வேண்டாம். பொங்கலும் தங்கை வீட்டு வளைகாப்பும் ஊர்த் திருவிழாவும் நமக்காகவே வந்துகொண்டிருக்கின்றன. அந்த வாரங்களை லேசான வாரங்கள் என்று முன்கூட்டியே காலண்டரில் குறித்துவிட்டால், விருந்தில் உட்காரும்போது குற்றவுணர்வு கூட உட்காராது. இரண்டு மூன்று வாரம் முற்றிலும் விட்டுப்போனாலும் வலிமை பெரிதாகக் குறைவதில்லை. திரும்பி வரும் முதல் நாளில் விட்ட எடையைத் தேடாமல், நோட்டில் மூன்று வாரம் பின்னே புரட்டி அங்கிருந்து தொடங்குங்கள்.

வயலின் காய்ச்சல் வேறு, உடம்பின் காய்ச்சல் வேறு. ஜுரம் அடிக்கும்போது வியர்வை விட்டால் சரியாகிவிடும் என்று எடை தூக்கப் போகாதீர்கள். ஜுரம் விட்டு, வழக்கமான பசி திரும்பி, நாடி பழைய எண்ணுக்கு வந்த பிறகு, முதலில் இரண்டு மூன்று நாள் நடை. அதில் களைப்புத் தட்டாவிட்டால் ஒரு செட், பாதி எடை. டெங்கு போன்றவற்றுக்குப் பிறகு மருத்துவர் சரி என்று சொல்லும் வரை நடையோடு நில்லுங்கள்.

போன மாதம் அப்பா சென்னைக்கு வந்திருந்தபோது என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். ஒவ்வொரு ஞாயிறு கட்டத்திலும் நான் எழுதியிருந்த 'ஓய்வு' என்ற சொல்லைக் காட்டி, அது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீர் கேனைத் தூக்கிப் பார்த்தார். மூன்று லிட்டர்தான் இருந்தது. "இன்னும் ஊற்று" என்றார். அவருக்கு எழுபத்தாறு வயது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்து தொடங்கலாம் என்று சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன்.